முள் கீழே இருந்தால் நிம்மதியா?
இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரும் அதன் கோளாறுகளும்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி வண்டியைப் பற்றியதாகவே இருக்கும். ரயில்வேயில் டீசல் இன்ஜின்களோடு பல ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்பதால், காரோ ஜீப்போ லாரியோ எதுவானாலும் இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம் அன்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு வந்த குடும்பங்களானாலும், கம்பம், போடிப் பக்கத்திலிருந்து குமுளி, மூணாறு என்று மலையேறிய குடும்பங்களானாலும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மெக்கானிக் மலையாளத்தில் விளக்குகிறார். பில் வரும்போதுதான் நமக்கு எல்லாம் புரிகிறது! ஆகவே ஒரு சிறு பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத் தமிழில் எழுதலாம் என்று நினைத்தேன். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பாகத்தின் பெயர் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். நாம் சுருக்கமாகச் சூட்டு சென்சார் என்று சொல்லிக்கொள்வோம்.

பக்கத்து வீட்டுப் பையனின் கார்

என் பக்கத்து வீட்டில் பொள்ளாச்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. மகன் பழைய பெட்ரோல் கார் ஒன்றைக் கடனில் வாங்கி டாக்ஸியாக ஓட்டுகிறான். மாதத் தவணை கட்டினால்தான் வண்டி வீட்டில் நிற்கும் என்ற நிலை. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வண்டிக்கு ஒரு சீக்கு வந்தது. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினொன்றுக்கு இறங்கியது. புகைக்குழாயில் கரும்புகை, ஓரமாக நிறுத்தினால் பெட்ரோல் வாடை. மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அவ்வப்போது எரியும்.

ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். இன்னொன்றில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவதில் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, ஸ்கேனரால் விளக்கை அணைத்து அனுப்பினார்கள். நான்கு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. மூன்று மாதத் தவணைக்கு ஆகும் பணம் பட்டறைகளுக்கே போய்விட்டது.

பையன் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்தியது. "மாமா, ஒரு நல்ல விஷயம் என்னன்னா, சூட்டு முள் மேல ஏறவே மாட்டேங்குது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கீழயேதான் இருக்கு."

அதுதான் நல்ல விஷயம் இல்லை என்று அவனுக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூட்டை எதற்காக அளக்கிறோம்?

இன்ஜின் அதிகம் சூடானால் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் குளிர்ந்திருந்தாலும் அதற்குப் பிடிக்காது என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய கார் இன்ஜின்கள் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான கூலன்ட் சூட்டில் நன்றாக ஓடும்படி அமைக்கப்பட்டவை. அதிகாலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஆகவே கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

கார்புரேட்டர் காலத்து வண்டி ஓட்டியவர்களுக்குச் சோக் நினைவிருக்கும். காலையில் இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வோம், சூடானதும் உள்ளே தள்ளுவோம். தள்ள மறந்தால் கரும்புகை வரும், பெட்ரோல் குடிக்கும். இப்போது சோக் இழுக்கும் வேலையை ஈ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டி செய்கிறது. எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்பதைச் சூட்டு சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. ஐடிலிங் வேகம், ஸ்பார்க் நேரம், ரேடியேட்டர் மின்விசிறி எப்போது சுற்ற வேண்டும் என்பவற்றிலும் அதன் சொல்லுக்கு இடமுண்டு. டீசல் வண்டியில் குளோ பிளக் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. இவ்வளவு அதிகாரம் உள்ள சென்சார் தவறாகச் சொன்னால் ஈ.சி.யு.வும் தவறாகவே நடக்கும்.

உள்ளே இருப்பது என்ன?

பித்தளை உறைக்குள் இருப்பது ஒரு சின்ன மணி. உலோக ஆக்சைடுகளால் செய்த அந்த மணியைத் தெர்மிஸ்டர் என்பார்கள். சாதாரணச் செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். இந்த மணி அதற்கு நேர்மாறானது. சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். இத்தகைய குணத்தை வெள்ளி சல்பைடு என்ற பொருளில் மைக்கேல் பாரடே 1833-லேயே கவனித்து எழுதியிருக்கிறார். அது இன்று நம் வண்டி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருக்கிறது.

பல வண்டிகளில் காணப்படும் ஒரு வகை சென்சாரின் அளவுகளை ஏறக்குறையத் தருகிறேன். உங்கள் வண்டிக்கு எண்கள் மாறலாம், போக்கு மாறாது.

0 டிகிரியில் – 5,900 ஓம்
20 டிகிரியில் – 2,500 ஓம்
40 டிகிரியில் – 1,175 ஓம்
60 டிகிரியில் – 600 ஓம்
80 டிகிரியில் – 325 ஓம்
100 டிகிரியில் – 185 ஓம்

ஈ.சி.யு.வுக்கு ஓம் அளக்கத் தெரியாது, வோல்ட் மட்டுமே தெரியும். ஆகவே தன்னிடமுள்ள 5 வோல்ட்டை உள்ளேயே ஒரு நிலையான தடை வழியாக சென்சாருக்கு அனுப்பும். சென்சாரின் மறுமுனை பூமி இணைப்புக்குப் போகிறது. இரண்டு தடைகளும் அந்த 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். கணக்கு வசதிக்காக உள்ளிருக்கும் தடையும் 2,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் பங்கு சரிபாதி, சென்சாரின் மேல் 2.5 வோல்ட். 80 டிகிரியில் அது ஏறக்குறைய 0.6 வோல்ட்டாக இறங்கிவிடும். குளிர்ந்தால் வோல்ட் அதிகம், சூடானால் வோல்ட் குறைவு. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

இரண்டு விதமான பொய்

சென்சாரும் அதன் வயரிங்கும் சேர்ந்து இரண்டு விதமாகப் பொய் சொல்லக்கூடும்.

முதலாவது, "குளிராக இருக்கிறது" என்ற பொய். கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்தாலும், வயர் உள்ளே பாதி அறுந்திருந்தாலும், வழியில் கூடுதல் தடை சேர்ந்துவிடும். இன்ஜின் 80 டிகிரியில் இருக்கிறது, சென்சார் சரியாக 325 ஓம் காட்டுகிறது, ஆனால் களிம்பு 2,000 ஓம் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈ.சி.யு. காண்பது 2,325 ஓம். மேலேயுள்ள பட்டியலைப் பாருங்கள். அது ஏறக்குறைய 22 டிகிரிக்கு உரிய எண். கொதிக்கும் இன்ஜினை ஈ.சி.யு. பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு சோக்கை இழுத்தபடியே வைத்திருக்கும். கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் வீழ்ச்சி எல்லாம் அதனால் வருபவை. அதைவிட ஆபத்தானது, ரேடியேட்டர் விசிறியும் சுற்றாமல் போகலாம்.

இரண்டாவது, "சூடாக இருக்கிறது" என்ற பொய். கப்ளருக்குள் ஈரம் புகுந்து இரண்டு முனைகளுக்கும் இடையே கசிவு ஏற்பட்டால், மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் 2,500 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 350 ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், இரண்டும் சேர்ந்து 307 ஓம்தான் வரும். ஈ.சி.யு. கண்ணுக்கு அது 80 டிகிரிக்கு மேல். சோக் இழுக்காது. மூணாற்றின் மார்கழிக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரி தீரும்வரை இழுப்பவர்கள் இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பார்க்க வேண்டும். இடுக்கி மழையில் நனைந்து, பிரஷர் பம்ப்பால் இன்ஜினைக் கழுவிய மறுநாள் இந்தக் கோளாறு வந்தால், முதல் சந்தேகம் கப்ளர் மேல்தான்.

விளக்கு எரிந்தால் வரும் எண்

இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளோடு 2010 முதல் புதிய கார்களில் தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓ.பி.டி. முறை வந்தது. 2013-ல் அது மேலும் விரிவானது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் ஓர் எண் வரும். நம் சென்சாருக்கு உரியவை இவை:

பி 0116 – ரீடிங் நடைமுறைக்குப் பொருந்தவில்லை.
பி 0117 – சிக்னல் மிகக் குறைவு.
பி 0118 – சிக்னல் மிக அதிகம்.
பி 0128 – இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பி 0118-ஐ "அதிகம்" என்று படித்துவிட்டு இன்ஜின் அதிகச் சூடு என்று நினைப்பவர்கள் உண்டு. அதிகம் என்பது வோல்ட்டைக் குறிப்பது. வோல்ட் அதிகம் என்றால் குளிர், அல்லது வயர் அறுந்துவிட்டது. பி 0117 என்றால் ஷார்ட் ஆகியிருக்கலாம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இந்த எண்கள் எந்தத் தெருவில் திருடன் என்று சொல்லும், எந்த வீட்டில் என்று சொல்லாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்தது பி 0128. பட்டறைக்காரர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். சென்சாரின் சொல் மெய்யா என்று அவர் கேட்கவில்லை.

பாகம் மாற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டரும், செல்போனோடு இணையும் சின்ன ஸ்கேனரும் இருந்தால் கீழ்க்கண்டவற்றை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

1. இன்ஜின் முழுதும் குளிர்ந்தபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

2. இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சில டிகிரி வேறுபாடு பரவாயில்லை. பத்து டிகிரிக்கு மேல் போனால் ஒன்று பொய் சொல்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையே எனக்கு மிகப் பிடித்தது.

3. ஸ்டார்ட் செய்து ரீடிங்கைக் கவனியுங்கள். படிப்படியாக ஏற வேண்டும். இருபதிலிருந்து அறுபதுக்கும், மறுபடி முப்பதுக்கும் தாவினால் அது கப்ளர் அல்லது வயர்க் கோளாறு. தண்ணீர் அப்படித் தாவிச் சூடாவதில்லை.

4. சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றி, மறுபடி சாவியைப் போடுங்கள். ரீடிங் மைனஸ் 40-க்குப் போக வேண்டும். கப்ளரின் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்தால் ரீடிங் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈ.சி.யு.வும் நலம், சந்தேகம் சென்சார் மேலும் கப்ளர் முனைகள் மேலும்தான். நடக்காவிட்டால் புதிய சென்சார் வாங்குவது வீண். சில வண்டிகளில் ஈ.சி.யு. கோளாறை உணர்ந்ததும் தானே ஒரு மதிப்பைப் போட்டுக்கொண்டு விசிறியை ஓடவிடும். ஆகவே கையை விசிறியிலிருந்து விலக்கியே வையுங்கள். இந்தச் சோதனை இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே. மூன்று, நான்கு வயர் இருந்தால் கையேட்டைப் பார்த்தபின்தான் தொட வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் இதில் கொடுக்காதீர்கள்.

5. கப்ளரில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாவி போட்ட நிலையில் 5 வோல்ட் வர வேண்டும்.

6. கடைசியாகச் சமையலறைச் சோதனை. சென்சாரைக் கழற்றி, அதன் நுனி மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் பிடித்து, தெர்மாமீட்டரோடு சூடேற்றி, ஓம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒதுக்கிய பழைய பாத்திரமாக இருக்கட்டும். கூலன்ட் விஷமுள்ளது. மலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடல் மட்டத்துக்கு அருகே உள்ள பாலக்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் மூணாற்றில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநீரில் 185 ஓம் வரவில்லை, 210 வருகிறது என்று அங்கே நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக் காரில் இரண்டாவது சோதனையிலேயே விடை கிடைத்தது. காலை ஆறு மணி, காற்று 25 டிகிரி. கூலன்ட் சூடு என்று ஸ்கேனர் காட்டியது 8 டிகிரி. பாலக்காட்டில் எட்டு டிகிரி! பையனே சிரித்துவிட்டான். கப்ளரைக் கழற்றினால் உள்ளே முனைகள் பச்சைப் பசேல் என்றிருந்தன. சென்சாரைத் தனியே அளந்தோம், நல்லபடியாக இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தோம், முனை ஒன்று அரித்துப்போயிருந்ததால் வயரோடு புதிய கப்ளர் போட்டோம். செலவு இருநூறு ரூபாய்க்குள். மறுநாள் காலை இரண்டு எண்களும் ஒன்றாக நின்றன. மாலையில் அவன் அம்மா வந்து, "ஏனுங்கண்ணா, இவ்வளவுதானுங்களா சங்கதி?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தமே அதிகம். போன பணம் போனதுதான்.

அவன் மறுவாரம் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஒரு குடும்பத்தை மூணாற்றுக்கு ஏற்றிச் செல்வதாக இருந்தான். விசிறி சுற்றாத வண்டியோடு, கீழேயே நிற்கும் முள்ளை நம்பி அந்த மலையை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சென்சார் மெய் சொல்லும் நேரமும் உண்டு

எல்லாப் பழியையும் சென்சார் மேல் போடுவது சரியல்ல. இதை நான் என் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் ஷெட்டில் டபிள்யு.டி.எம். 2 வகை டீசல் இன்ஜின்கள் இருந்தன. அதில் தண்ணீர்ச் சூட்டைப் பார்க்க சுவிட்சுகள் உண்டு. ஒன்று 64 டிகிரியில் ரேடியேட்டர் விசிறியை மெதுவாகச் சுற்றவிடும். அடுத்தது 68 டிகிரியில் முழு வேகத்துக்குக் கொண்டுபோகும். அதற்கும் மேல் சூடு போனால் மூன்றாவது சுவிட்ச் மணியடித்து டிரைவரை எச்சரிக்கும்.

ஓர் இன்ஜினில் "ஹாட் இன்ஜின்" என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று மாற்றினேன். மறுபடி எழுதினார். மறுபடி மாற்றினேன். மூன்றாம் முறை வந்தபோது, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு ஃபிட்டர் எதுவும் பேசாமல் நான் கழற்றி எறிந்த இரண்டு சுவிட்சுகளையும் எடுத்து, சுடுநீர்த் தொட்டியில் தெர்மாமீட்டரோடு போட்டுக் காட்டினார். இரண்டும் சரியான டிகிரியில் சரியாக வேலை செய்தன. ரேடியேட்டரின் காற்று வழியைத் திறந்து பார்த்தால் தூசியும் எண்ணெயும் சேர்ந்து தார் போல் அடைத்திருந்தன. சுவிட்ச் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னதற்காக நான் அதை வேலையைவிட்டு நீக்கிக்கொண்டிருந்தேன். அந்த டிரைவரிடம் நான் சற்றுக் கடுமையாகவும் பேசியிருந்தேன். அது இன்றும் மனத்தில் இருக்கிறது.

கார்களிலும் இப்படித்தான். நெடுநேரம் ஓடியும் சூடு 60, 65-லேயே நின்றால், சென்சார் சரி என்று மேற்சொன்ன சோதனைகளில் தெரிந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். மலையேறும் வண்டிக்குச் சூடு குறையட்டும் என்று அதைக் கழற்றியே எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு மன்னிக்கப்பட்டது. இன்றைய வண்டியில் ஈ.சி.யு. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்றே நினைத்து பெட்ரோலைக் கொட்டும், விளக்கும் எரியும்.

போடிமெட்டு வழியில் நடந்தது

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையில் மிக முக்கியமானது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்புகளில் ஆட்கள் மலையேறுவது நமக்குத் தெரியும். போடியிலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். பெரும்பாலும் இரண்டாம் கியரில், வேகம் குறைவு, இன்ஜினுக்கோ முழு உழைப்பு. முகத்தில் காற்றும் படாது.

அந்தப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் உறவினர் திருமணத்தில் என்னிடம் சொன்னது இது. தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பத்துப் பேருக்கு மேல் வண்டியில். பாதி மலையில் முள் சிவப்பை நெருங்கியது. ஓரம் கட்டலாமா என்று யோசிக்கும்போதே முள் மளமளவென்று இறங்கிவிட்டது. "முள்ளு எறங்கிருச்சு சார், சூடு தணிஞ்சிருச்சுன்னு நெனச்சு மிதிச்சேன்" என்றார். மூன்று வளைவு தாண்டியதும் இன்ஜின் திணறி நின்றது. வளைவில் வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. கை பிரேக்கும், பின்னாலிருந்தவர்கள் குதித்து வைத்த கல்லும் காப்பாற்றின. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இரண்டு மாதம் வண்டி பட்டறையில் நின்றது.

முள் ஏன் இறங்கியது? கீழே ஒரு ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டது. சென்சார் தன்னைத் தொடும் பொருளின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தவரை தண்ணீரின் சூட்டைச் சொன்னது. தண்ணீர் போனபின் அதன் நுனியைச் சுற்றி இருந்தது காற்றும் ஆவியும்தான். அவை தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்துவதில்லை. உலோகம் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்க, முள் மட்டும் நிம்மதியாகக் கீழே இறங்கிவிட்டது.

பழைய ஜீப்புகளில் இன்னொரு குறையும் உண்டு. அவற்றில் மீட்டர் முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார்தான். அந்த வயர் அறுந்தால் முள் "குளிர்" பக்கம் விழுந்துவிடும். அதாவது கெட்டுப்போனால் ஆபத்தை மறைக்கும் பக்கமாகக் கெட்டுப்போகும். ரயில்வேயில் கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால் கை தானாகவே ஆபத்து நிலைக்குத் திரும்பும்படி எடை கட்டியிருப்பார்கள். ரயில் நிற்கும், நேரம் வீணாகும், உயிர் போகாது. பழைய ஜீப்பின் முள்ளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே அதைப் பார்ப்பவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மலையேறுபவர்கள் இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்:

ஏற்றத்தின் நடுவே, கால் மிதி குறையாதிருக்கும்போது முள் திடீரென்று இறங்கினால், அதை ஏறியதைவிடப் பெரிய ஆபத்தாக எண்ணி உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

காரில் ஹீட்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், உள்ளே தண்ணீர் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காய்ந்த இன்ஜினில் ஓடைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றாதீர்கள். ஹெட் வெடிக்கும். அரை மணிக்கு மேல் ஆறவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊர் சேர்ந்ததும் முறையான கூலன்ட் மாற்றிவிடுங்கள். ஓடை நீரின் உப்புப் படிந்தால் சென்சார் நுனிக்குக் கம்பளி போர்த்தியது போலாகும்.

காலையில் கிளம்புமுன் சாவியைப் போட்டதும் முள் சற்றேனும் அசைகிறதா என்றும், பத்து நிமிடம் ஓடியபின் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். வராத முள்ளோடு மலையேறாதீர்கள்.

புதிய சென்சார் பொருத்தும்போது

இன்ஜின் ஆறியபின் மாற்றுங்கள். வாஷர் அல்லது ஓரிங் புதியதாக இருக்கட்டும். பித்தளை மரை என்பதால் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். ஒற்றை வயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதற்குப் பூமி இணைப்பே அந்த மரை வழியாகத்தான். டேப் தடுத்தால் புதிய சென்சாரும் பொய் சொல்லும். மாற்றியபின் கூலன்ட்டை நிரப்பி, உள்ளே அடைபட்ட காற்றை முறைப்படி வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழியில் மாட்டிய சென்சார் போடிமெட்டு ஜீப்பின் கதைதான்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சூட்டு முள் விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் மூன்று பேர்: சென்சார், வயர், இன்ஜின். மூவரையும் விசாரித்தபின் பர்ஸைத் திறப்போம்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் காற்றின் சூடு, கூலன்ட்டின் சூடு, இரண்டையும் அதில் எழுதுகிறான். ஒரு நிமிட வேலை. வண்டி வைத்திருக்கும் நம் அன்பர்கள் எல்லோருமே அப்படி ஒரு நோட்டு போட்டால் நல்லது. ஸ்கேனர் பார்க்கத் தெரியாதவர்கள் கூட்டத்துக்கு வரும்போது வண்டியிலேயே வாருங்கள். காபி ஆறுவதற்குள் சொல்லித் தந்துவிடுகிறேன்.